தலைமையாசிரியருக்கு வந்த கடிதம்

நகர மன்றங்களின் கதை – 12

1984 நவம்பர் 10. இங்கிலாந்தின் நடுப்பகுதியில் இருக்கும் ரக்பி என்ற ஊர். பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடும் விளையாட்டுக்குப் பெயர் கொடுத்த அதே ஊர்தான். அன்று அங்கே ஒரு கண்டனக் கூட்டம். வேலைக்கு ஆள் எடுக்கும்போது யாரிடமும் பாகுபாடு காட்டமாட்டோம் என்று அவ்வூர் நகர மன்றம் ஒரு கொள்கை வைத்திருந்தது. எந்தெந்தக் காரணங்களுக்காகப் பாகுபாடு கூடாது என்ற பட்டியலில் ‘பாலீர்ப்பு’ என்ற சொல்லும் இருந்தது. கன்சர்வேடிவ் கட்சி ஆண்ட அந்த மன்றம் அந்த ஒரு சொல்லை மட்டும் அடித்துவிட்டது. அதற்காகத்தான் கூட்டம்.

மேடையேறியவர்களில் ஒருவர் கிறிஸ் ஸ்மித். வயது 33. தொழிற்கட்சிக்காரர். லண்டனில் இஸ்லிங்டன் சவுத், ஃபின்ஸ்பரி தொகுதியின் எம்.பி. முந்தைய ஆண்டுதான் 363 வாக்கு வித்தியாசத்தில் தப்பிப் பிழைத்து ஜெயித்தவர். அப்படி ஜெயித்தவர் அடுத்த தேர்தல்வரை வாயைத் திறக்காமல் இருப்பதுதான் அரசியல் வழக்கம். அவர் ஒலிபெருக்கி முன் வந்து தன் பெயரைச் சொன்னார், தொகுதியைச் சொன்னார், மூன்றாவதாகத் தான் தன்பாலீர்ப்பாளர் என்றும் சொல்லிவிட்டார். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. யாரும் கட்டாயப்படுத்தாமல், எந்தப் பத்திரிகையும் காட்டிக்கொடுக்காமல், தானாக இதை அறிவித்த முதல் பிரிட்டிஷ் எம்.பி. அவர்தான்.

நாடாளுமன்றத்தில் நடந்திருக்க வேண்டிய அறிவிப்பு ஏன் ரக்பியில் நடந்தது? ஒரு சிறுநகர மன்றத்தின் ஆளெடுப்பு விதியில் இருந்த ஒரு சொல்லுக்கு ஏன் இத்தனை கூட்டம்? இந்த வாரம் பார்க்கப்போவது அதைத்தான்.

போன இதழில் 1967-ஆம் ஆண்டுச் சட்டத்தோடு நிறுத்தியிருந்தோம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும், 21 வயது கடந்த இரண்டு ஆண்கள் நான்கு சுவருக்குள் உறவு கொள்வது குற்றமில்லை என்றது அந்தச் சட்டம். ஸ்காட்லாந்து 1980 வரை காத்திருந்தது. வட அயர்லாந்துக்கு அது 1982-இல்தான் வந்தது, அதுவும் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் தலையில் குட்டிய பிறகு.

அந்தச் சட்டம் படுக்கையறையிலிருந்து போலீஸ்காரரை வெளியே அனுப்பியது. அவ்வளவுதான் செய்தது. வீட்டைக் காலி செய் என்று சொல்லும் வீட்டுக்காரர் அப்படியே இருந்தார். விஷயம் தெரிந்ததும் சீட்டைக் கிழிக்கும் முதலாளி இருந்தார். பள்ளிக்கூட வராந்தாவில் ஒரு பையனை நாலு பேர் சுற்றி நின்று கேலி செய்வதும் இருந்தது. இந்த மூன்றும் தலைநகர் அமைச்சர்களின் கைக்கு எட்டாத தூரத்தில் நடப்பவை. உள்ளூர் மன்றத்துக்கோ அவை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன. பிரிட்டனில் அன்று லட்சக்கணக்கான வாடகை வீடுகள் மன்றங்களுக்குச் சொந்தம். ஊரிலேயே பெரிய முதலாளி பெரும்பாலும் மன்றம்தான். பள்ளிகளை நடத்தியதும் அதுவே. ஒரு குடிமகனின் வீடு, வேலை, பிள்ளையின் படிப்பு மூன்றையும் தொட்டுக்கொண்டிருந்த அரசாங்கம் நகர மன்றம்தான். வெறுப்பை அரசாங்கத்தின் கருவிகொண்டு குறைக்க முடியுமா என்ற சோதனைக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது.

சோதனையைப் பெரிய அளவில் தொடங்கியவர் கென் லிவிங்ஸ்டன். 1981 மே மாதம் பெருநகர் லண்டன் மன்றத்தின் தலைவரானார். மன்றத்தின் கட்டடம் தேம்ஸ் நதியின் ஒரு கரையில், எதிர்க்கரையில் நாடாளுமன்றம். லண்டனில் எத்தனை பேர் வேலையில்லாமல் இருக்கிறார்கள் என்ற கணக்கை, எதிரே இருப்பவர்கள் கண்ணில் படும்படி கூரையில் பெரிதாக எழுதிவைத்தவர் அவர். கன்சர்வேடிவ் பிரதமர் தாட்சருக்கு அந்தக் கட்டடத்தைப் பார்த்தாலே எரிச்சல்.

லிவிங்ஸ்டனின் மன்றம் தன்பாலீர்ப்பாளர் அமைப்புகளுக்கு மானியம் கொடுத்தது. ஃபாரிங்டன் பகுதியில் சுமார் 7.5 லட்சம் பவுண்ட் செலவில் அவர்களுக்கென ஒரு மையத்தைத் திறந்தது. வேலைவாய்ப்பு, குடியிருப்பு, காவல் என்று ஒவ்வொரு துறையிலும் என்ன மாற வேண்டும் என்று 1985-இல் ஒரு சாசனமே வெளியிட்டது. மக்கள் வரிப்பணத்தை யாருக்கு வாரி இறைக்கிறார்கள் பாருங்கள் என்று நாளிதழ்கள் தினம் ஒரு தலைப்புப் போட்டன. மொத்தச் செலவில் அது கொசுறு. ஆனால் தலைப்புக்குக் கொசுறே போதும். 1986 மார்ச் 31 நள்ளிரவோடு தாட்சர் அரசு பெருநகர் மன்றத்தையே கலைத்துவிட்டது. அதற்குக் காரணங்கள் பல. இது அவற்றில் ஒன்று மட்டுமே.

இதற்கிடையில் எதிர்பாராத திசையிலிருந்து ஒரு கை நீண்டது. 1984–85 நிலக்கரிச் சுரங்க வேலைநிறுத்தத்தின்போது, லண்டனைச் சேர்ந்த தன்பாலீர்ப்பாளர் குழு ஒன்று உண்டியல் குலுக்கி, தெற்கு வேல்ஸின் டுலைஸ் பள்ளத்தாக்குச் சுரங்கக் குடும்பங்களுக்குப் பணம் அனுப்பியது. வேலைநிறுத்தம் தோற்றது. ஆனால் 1985 ஜூனில் லண்டனில் நடந்த பெருமிதப் பேரணியின் முன்வரிசையில் வேல்ஸ் சுரங்கத் தொழிலாளர்கள் தங்கள் சங்கக் கொடியோடு நடந்துவந்தார்கள். அதே ஆண்டு தொழிற்கட்சி மாநாட்டில் சம உரிமைத் தீர்மானம் நிறைவேறியது. சுரங்கச் சங்கத்தின் வாக்குகள் அதற்கு முட்டுக்கொடுத்தன. வருடக்கணக்கில் மேடை போட்டுப் பேசியும் நடக்காததை ஒரு உண்டியல் செய்துகாட்டியது. இதைக் கொஞ்சம் நினைவில் வைத்திருங்கள். அடுத்து வரும் ஹாரிங்கே கதையில் இல்லாமற்போனது இந்த உண்டியல்தான்.

ஹாரிங்கே வடக்கு லண்டனில் உள்ள வட்டாரம். டாட்டன்ஹாம் அதில் ஒரு பகுதி. கரீபியத் தீவுக்காரர்கள், சைப்ரஸ்காரர்கள், அயர்லாந்துக்காரர்கள், ஆசியர்கள் என்று பல ஊர் மக்கள் நெருக்கியடித்து வாழும் இடம். மன்றத் தலைவராக இருந்தவர் கயானாவில் பிறந்த பெர்னி கிராண்ட். பிரிட்டனில் ஒரு நகர மன்றத்துக்குத் தலைமையேற்ற முதல் கறுப்பினத்தவர்களில் ஒருவர். 1986 மே மாதத் தேர்தலில், தன்பாலீர்ப்பாளர்களைப் பற்றிப் பள்ளிகளில் நல்ல விதமாகச் சொல்லித்தருவோம் என்ற வாக்குறுதியைத் தொழிற்கட்சி தன் தேர்தல் அறிக்கையில் வைத்தது. ஜெயித்தது. மன்றத்தில் அதற்கென ஒரு பிரிவு அமைந்தது. அந்தப் பிரிவு வட்டாரத்தின் தலைமையாசிரியர்களுக்கு ஒரு கடிதம் அனுப்பியது: அறிக்கையில் சொன்னதைச் செயல்படுத்தத் தொடங்குவோம்.

ஒரு அலுவலகக் கடிதம். கல்வித் துறையின் வழக்கமான படிகளில் ஏறி இறங்காமல், ஆசிரியர்களோடும் பெற்றோர்களோடும் உட்கார்ந்து பேசுவதற்கு முன்னால் போய்விட்ட கடிதம். அது கசிந்ததும் ஊர் கொதித்தது. பெற்றோர் உரிமைக் குழு ஒன்று கிளம்பியது. மன்றக் கூட்டங்கள் கூச்சலில் முடிந்தன. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பமாட்டோம் என்றார்கள். அவர்களுக்கு எதிராக, மன்றத்தின் கொள்கையை ஆதரித்து, ‘நல்ல பிம்பங்கள்’ என்ற பெயரில் ஒரு பிரச்சாரமும் எழுந்தது. தன்பாலீர்ப்பு வெள்ளைக்காரர் விவகாரம், நமக்கு எதற்கு என்ற பேச்சுக்குப் பதில் சொல்ல ஹாரிங்கே பிளாக் ஆக்ஷன் என்ற குழு முன்வந்தது. கறுப்பினத் தன்பாலீர்ப்பாளர்களே நடத்திய குழு அது. 1987 மே மாதம் அவர்கள் முன்னின்று நடத்திய ஊர்வலம் அந்தத் தெருக்கள் அதுவரை பார்க்காதது.

மன்றத்தின் நோக்கத்தில் பிழை இல்லை. வராந்தாவில் அடிவாங்கும் பையனுக்கு யாராவது துணை நிற்க வேண்டும் என்று நினைத்த முதல் அரசு அலுவலகங்களில் அதுவும் ஒன்று. ஆனால் வாக்குப் பெட்டியில் கிடைத்த பெரும்பான்மை, சமையலறையில் உட்கார்ந்திருக்கும் அம்மாவின் சம்மதமாகத் தானே மாறிவிடாது. டுலைஸ் பள்ளத்தாக்கில் ரொட்டியும் பணமும் முதலில் போனது, கொள்கை பின்னால் போனது. ஹாரிங்கேயில் கடிதம் முதலில் போய்விட்டது.

இந்தச் சமயத்தில் ஒரு குட்டிப் புத்தகம் வில்லனாகியது. டென்மார்க்கைச் சேர்ந்த சுசான்னெ போஷெ எழுதியது. ஜென்னி என்ற ஐந்து வயதுச் சிறுமி தன் அப்பாவோடும் அவருடைய துணைவரோடும் வாழும் ஒரு சாதாரண வாரயிறுதி, கறுப்பு வெள்ளைப் புகைப்படங்களோடு. துணி துவைக்கிறார்கள், பிறந்தநாள் கொண்டாடுகிறார்கள், சண்டை போட்டுச் சமாதானமாகிறார்கள். 1983-இல் ஆங்கிலத்தில் வந்தது. உள் லண்டன் கல்வி ஆணையத்தின் ஆசிரியர் வள மையம் ஒன்றில் இருந்தது என்பதுதான் அதன் குற்றம். 1986-இல் நாளிதழ்களோ, அது ஒவ்வொரு வகுப்பறை மேசையிலும் கிடப்பது போல எழுதின.

காலமும் கைகொடுக்கவில்லை. எய்ட்ஸ் பரவிக்கொண்டிருந்தது. 1987 தொடக்கத்தில் நாட்டின் ஒவ்வொரு வீட்டுக்கும் அரசு எச்சரிக்கைத் துண்டறிக்கை அனுப்பியது. மான்செஸ்டர் காவல்துறைத் தலைவர் ஜேம்ஸ் ஆண்டர்டன், நோயாளிகள் தாங்களே தோண்டிய சாக்கடையில் உழல்கிறார்கள் என்ற பொருளில் மேடையில் பேசினார். தன்பாலுறவு எப்போதுமே தவறு என்று சொன்னவர்கள், பிரிட்டிஷ் சமூக மனப்பான்மை ஆய்வின்படி 1983-இல் 50 சதவீதம். 1987-இல் 64 சதவீதம். நகர மன்றங்கள் வெறுப்பைக் குறைக்கப் புறப்பட்ட அதே ஆண்டுகளில் வெறுப்பு ஏறியது.

தேர்தல் கணக்குப் பார்ப்பவர்கள் இதைக் கவனிக்காமல் இருப்பார்களா? 1987 பிப்ரவரியில் கிரீனிச் இடைத்தேர்தலில் தொழிற்கட்சி தன் தொகுதியைப் பறிகொடுத்தது. கட்சித் தலைவர் நீல் கின்னக்கின் பத்திரிகைச் செயலர் பட்ரீஷியா ஹெவிட் எழுதிய கடிதம் ஒன்று கசிந்தது. லண்டனில் நடப்பவை கட்சிக்குக் கேடாகின்றன, தன்பாலீர்ப்பாளர் விவகாரத்தால் முதியவர்களின் வாக்கு போகிறது என்பது அதன் சாரம். எதிர்க்கட்சியின் உள்ளறையிலேயே இந்தப் பயம் இருந்தால், ஆளுங்கட்சி விடுமா? அந்த ஆண்டுப் பொதுத்தேர்தலில் கன்சர்வேடிவ் சுவரொட்டி ஒன்று சில புத்தக அட்டைகளைக் காட்டி, தொழிற்கட்சியின் கல்வித் திட்டம் இதுதானா என்று கேட்டது. அதில் ஒரு அட்டை தன்பாலீர்ப்பு இளைஞர்களுக்கான புத்தகம். தாட்சர் மூன்றாவது முறை ஜெயித்தார். அக்டோபரில் பிளாக்பூல் மாநாட்டில், மரபான ஒழுக்கத்தைக் கற்க வேண்டிய பிள்ளைகளுக்குத் தன்பாலீர்ப்பாளராக இருப்பது பிறப்புரிமை என்று சொல்லித்தருகிறார்கள் என்று குறைப்பட்டுக்கொண்டார். அரங்கம் கைதட்டியது.

அதற்கு முந்தைய குளிர்காலத்திலேயே ஹால்ஸ்பரி பிரபு ஒரு தனிநபர் மசோதாவைக் கொண்டுவந்திருந்தார். காமன்ஸ் சபையில் அதை ஜில் நைட் அம்மையார் ஏந்திக்கொண்டார். தேர்தல் வந்ததால் மசோதா செத்துப்போனது. 1987 டிசம்பரில் அதே வாசகம் வேறு வழியில் உயிர்பெற்றது. டேவிட் வில்ஷயர் என்ற எம்.பி. அதை ஒரு திருத்தமாக முன்மொழிந்தார். உள்ளாட்சி அமைச்சர் மைக்கேல் ஹவர்ட் அரசின் சார்பில் ஏற்றுக்கொண்டார். தொழிற்கட்சியின் முன்வரிசை முதலில் எதிர்க்கக்கூடத் துணியவில்லை. அப்போது எம்.பி. ஆகியிருந்த பெர்னி கிராண்ட்தான் குரல் கொடுத்தார்.

எந்த மசோதாவில் இதைச் செருகினார்கள் தெரியுமா? குப்பை அள்ளுவதற்கும், தெரு கூட்டுவதற்கும், பள்ளிச் சாப்பாடு சமைப்பதற்கும் மன்றங்கள் ஒப்பந்தப்புள்ளி கோர வேண்டும் என்று சொல்லும் உள்ளாட்சி மசோதாவில். அதன் 28-ஆவது பிரிவு இரண்டு விஷயங்களைத் தடுத்தது. உள்ளாட்சி மன்றம் வேண்டுமென்றே தன்பாலீர்ப்பை ‘ஊக்குவிக்க’க் கூடாது. ‘பாசாங்கான குடும்ப உறவாக’ அது ஏற்கத்தக்கது என்று அரசுப் பள்ளிகளில் கற்பிப்பதையும் ஊக்குவிக்கக் கூடாது. ஜென்னியின் அப்பாவும் அவர் துணைவரும் துணி துவைக்கும் அந்த வீட்டுக்கு நாடாளுமன்றம் வைத்த பெயர் பாசாங்கு.

நமக்குப் பழக்கமான 377-ஆம் பிரிவு, ஆங்கிலேயர் இந்தியாவுக்கு எழுதிக்கொடுத்தது, செயலைக் குற்றமாக்கியது. அவர்கள் தங்களுக்கே எழுதிக்கொண்ட 28-ஆம் பிரிவு செயலைத் தொடவில்லை. பேச்சைத் தொட்டது. வீடு, வேலை, பள்ளி என்ற மூன்று கருவிகளும் உள்ளாட்சியின் கையில்தான் இருக்கின்றன என்பதை எதிராளியும் சரியாகக் கணித்திருந்தார் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

எதிர்ப்பும் சும்மா இருக்கவில்லை. அதுவரை பல கட்சிகளாகப் பிரிந்து சண்டையிட்டவர்களைத் தாட்சர் ஒரே மேடையில் ஏற்றிவிட்டார். நடிகர் இயான் மெக்கெல்லன் 1988 ஜனவரியில் பிபிசி வானொலி விவாதம் ஒன்றில் தன்னைப் பற்றி முதன்முறையாக வெளிப்படையாகச் சொன்னார். பிப்ரவரி 2-ஆம் தேதி பிரபுக்கள் சபை பிரிவுக்கு ஆதரவாக வாக்களித்ததும், பார்வையாளர் மாடத்திலிருந்து சில பெண்கள் துணி காயப்போடும் கயிற்றைக் கட்டிக்கொண்டு சபைக்குள் சரசரவென்று இறங்கினார்கள். நரைத்த பிரபுக்கள் அண்ணாந்து பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள்.

பிப்ரவரி 20-இல் மான்செஸ்டரில் 20,000 பேர் திரண்டார்கள் என்பது அன்றைய கணக்கு. லண்டனில் இல்லாமல் மான்செஸ்டரில் ஏன்? கிரகாம் ஸ்டிரிங்கர் தலைமையில் இருந்த அந்த நகர மன்றம் தன்பாலீர்ப்பாளர்களுக்கெனத் தனி அலுவலர்களை நியமித்திருந்தது. காவல்துறைத் தலைவர் சாக்கடை என்று சொன்ன ஊரில், மன்றத் தலைவர் ஊர்வலத்தின் மேடையில் நின்றார். சட்டம் அமலுக்கு வருவதற்கு முந்தைய நாள், மே 23 மாலை, பிபிசியின் ஆறு மணிச் செய்தி அரங்குக்குள் சில பெண்கள் புகுந்தார்கள். சூ லாலி செய்தியை நிறுத்தாமல் வாசித்துக்கொண்டிருக்க, அருகிலிருந்த நிக்கலஸ் விட்செல் ஒரு பெண்ணை அமுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். நாடு முழுவதும் இரவுச் சாப்பாட்டு மேசையில் அந்த அமுங்கிய குரலைக் கேட்டது.

மறுநாள், 1988 மே 24, சட்டம் அமலுக்கு வந்தது. அதன்பின் என்ன நடந்தது?

நீதிமன்றத்தில் ஒன்றும் நடக்கவில்லை. இந்தப் பிரிவு புதிதாக எந்தக் குற்றத்தையும் உருவாக்கவில்லை. ஆகவே யாரையும் கைதுசெய்ய வழியில்லை. பள்ளிகளில் பாலியல் கல்வியை முடிவுசெய்யும் பொறுப்பு 1986-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின்படி ஏற்கெனவே பள்ளி நிர்வாகக் குழுக்களுக்குப் போயிருந்தது. நகர மன்றத்தைக் கட்டுப்படுத்தும் சட்டம் வகுப்பறை ஆசிரியரைத் தொடவே தொடாது. இதை அரசே 1988-இல் ஒரு சுற்றறிக்கையில் தெளிவாக எழுதியது.

சுற்றறிக்கையை எத்தனை ஆசிரியர்கள் படித்திருப்பார்கள்? செய்தித்தாளை எல்லோரும் படித்திருந்தார்கள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். மன்றங்களின் வழக்கறிஞர்கள் எதற்கும் வேண்டாம் என்றார்கள். கல்லூரிகளில் இயங்கிய சில ஆதரவுக் குழுக்கள் மூடப்பட்டன. நூலகர்கள் தயங்கினார்கள். ‘ஊக்குவித்தல்’ என்றால் என்ன என்று யாருக்கும் தெரியாததால், எல்லாமே ஊக்குவித்தலாகத் தெரிந்தது. பையனை அடிப்பவர்களைக் கண்டிப்பதுகூட ஊக்குவித்தலாகிவிடுமோ என்று ஆசிரியர்கள் தயங்கினார்கள். தன்பாலீர்ப்பாளரான ஆசிரியருக்கோ இரட்டைப் பூட்டு. பாலீர்ப்பைக் காட்டி வேலையைவிட்டு நீக்குவதைத் தடுக்கும் விதி பிரிட்டனில் 2003 டிசம்பரில்தான் வந்தது. அதுவரை அவர் மாணவனுக்காக வாயைத் திறந்தால் தன் சோற்றையும் சேர்த்தே பணயம் வைக்க வேண்டும்.

ஆக, ஒரு தலைமுறைப் பிள்ளைகள் தங்களைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் கேட்காமல் பள்ளிப் படிப்பை முடித்தார்கள். தடை செய்யாத ஒன்றைத் தடுத்த சட்டம் அது. ஹாரிங்கே தலைமையாசிரியரின் மேசைக்கு 1986-இல் வந்த கடிதத்தில், பேசத் தொடங்குங்கள் என்று இருந்தது. இரண்டு வருடம் கழித்து வந்த சுற்றறிக்கையில், உங்கள் ஆசிரியர்களை இந்தச் சட்டம் தடுக்கவில்லை என்று இருந்தது. முதல் கடிதம் வந்தபோது பெற்றோரைக் கண்டு பயம். இரண்டாவது வந்தபோது சட்டத்தைக் கண்டு பயம். இரண்டு தாளும் ஒரே கோப்பில், ஒரே அலமாரியில், ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. வராந்தாவில் அந்தப் பையன் மணி அடிக்கும்வரை நின்றுகொண்டிருந்தான்.

சட்டம் வந்து சரியாக ஒரு வருடம் கழித்து, 1989 மே 24 அன்று, மெக்கெல்லனும் வேறு சிலரும் சேர்ந்து ஸ்டோன்வால் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். இந்த முறை அவர்கள் கயிற்றில் இறங்கப் போவதில்லை, எம்.பி.க்களின் அறைக்கதவைத் தட்டப் போகிறார்கள். கதவு முழுவதும் திறக்கப் பதினான்கு வருடம் ஆனது. முதலில் திறந்தது லண்டனில்கூட இல்லை.

அடுத்த இதழில்: ஸ்காட்லாந்தின் புதிய நாடாளுமன்றம், ஒரு கர்தினால், ஒரு பேருந்து முதலாளி, அவர் தன் சொந்தக் காசில் நாடு முழுக்க அனுப்பிய வாக்குச் சீட்டு.

(தொடரும்)